‘மான்’ என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து? ஸ்க்ராட்ச், திருமலை முன்பள்ளிப் பார்வையில்

ஒலியைக் கேட்டு அதற்குரிய எழுத்து அட்டையைத் திரையில் இழுத்து வைக்கும் சின்ன விளையாட்டு ஒன்றை முன்பள்ளி ஆசிரியரே செய்துகொள்ள, கைக்கு எட்டுவது ஸ்க்ராட்ச்தான். கட்டளைகளைக் கட்டைகளாகத் திரையில் அடுக்கி விளையாட்டும் கதையும் செய்யும் செயலி அது. காசு இல்லை, ஒருமுறை மடிக்கணினியில் நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம். ஆனால் தமிழை மனதில் வைத்துச் செய்ததல்ல என்பது முதல் அரை மணித்தியாலத்திலேயே தெரிந்துவிடும்.

கோட்டைப் பக்கம் மான் பார்த்து வளரும் திருமலை (திருகோணமலை) பிள்ளைகளுக்கு முதற் சொல்லாக ‘மான்’ கொடுப்போம். பிள்ளைக்கு அது இரண்டெழுத்து: மா, ன். ஸ்க்ராட்ச்சிடம் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 4 என்கிறது. ம, கால், ன, புள்ளி என்று கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோட் குறிகளைத்தான் அது எண்ணுகிறது. ‘இரண்டாம் எழுத்தைக் கொடு’ என்றால், தனிக் கால் ஒன்று புள்ளிவட்டத்தோடு வந்து நிற்கும். ஆகவே சொல்லைச் செயலியிடம் உடைக்கக் கொடுக்கவே கூடாது. பட்டியல் ஒன்று திறந்து, முதல் வரிசையில் ‘மா’, இரண்டாவதில் ‘ன்’ என்று கையால் இட வேண்டும். ‘கொடி’ போன்ற சொற்களில் இது இன்னும் முக்கியம். ‘கொ’வின் கொம்பும் காலும் க-வின் இரு பக்கமும் இருந்தாலும் ஒலி ஒன்றுதான், அட்டையும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் சொடுக்குவதில். எழுத்தை மட்டும் வரைந்து வைத்தால், நிறம் உள்ள இடத்தில் பட்டால்தான் ஸ்க்ராட்ச் அதை எடுக்கும். ‘ப’வின் நடுவில் சொடுக்கும் பிள்ளைக்கு ஒன்றும் நடக்காது; நடுவில் வெறும் ஓட்டைதானே. ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் நிறம் நிரப்பிய சதுரம் போடுங்கள். விளையாட்டு ஓடும் 480க்கு 360 மேடையில் 90 அளவுச் சதுரம் போதும். முழுத்திரையில் அட்டை நகர மறுத்தால் பழுது என்று நினைக்க வேண்டாம்: ‘செட் டிராக் மோட்’ கட்டையை ‘டிராகபிள்’ என்று வைத்தால் சரி.

ஒலியில்தான் உண்மையான வேலை. எழுதியதை வாசிக்கும் ஸ்க்ராட்ச் வசதியில் தமிழ்க் குரல் இல்லை. குரலை நாமே பதிய வேண்டும், அது நல்லதுதான். தமிழ்நாட்டுப் பதிவுகளை இறக்கிப் போட்டால் ‘காற்று’ என்பதில் ‘ட்ர’ச் சாயல் வரும், இங்கே வீட்டில் கேட்பது அதுவல்ல. மின்விசிறியை நிறுத்தி, பாய் மெத்தை உள்ள அறையில் பதியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள வெறுமையை வெட்டாவிட்டால் ‘ம… ர… ம்’ சேர்ந்து ‘மரம்’ ஆகாது. மெய்யை ‘இம்’ என்று பதிந்தாலும் அதே கதை, ‘மரஇம்’ என்றுதான் காதில் விழும். ‘ஸ்டார்ட் சவுண்ட்’ கட்டைகளை அடுக்கினால் எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் முழங்கும். ‘ப்ளே சவுண்ட் அன்டில் டன்’ கட்டைதான் வேண்டும்.

ழ, ள இரண்டையும் காதால் பிரிக்கச் சொல்லும் கேள்வி வைக்காதீர்கள். நம் பேச்சில் வாழையும் ‘வாளை’தான், பிள்ளையைப் பிழை சொல்ல முடியாது. படத்தோடு கண்ணால் பழக்கலாம். படத்திலும் கவனம்: இந்தியப் பட அட்டைகளில் ‘ஆ’வுக்கு வரும் பழம் நமக்கு அப்பிள், அதை ‘அ’வில்தான் போட வேண்டும்.

பிழையான விடைக்குச் செயலியிலுள்ள வேடிக்கைச் சத்தங்களை வைத்தால் பிள்ளைகள் அதைக் கேட்கவே பிழையாக அழுத்துவார்கள். அட்டை சத்தமில்லாமல் பழைய இடத்துக்குப் போய், கேட்ட ஒலி மறுபடி ஒலித்தால் போதும். ஒரு சுற்றுக்கு 5 சொல்லுக்கு மேல் வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளுக்கான ஸ்க்ராட்ச் ஜூனியர் டேப்லெட்டில் அழகாக ஓடும். ஆனால் பிள்ளை எடுத்த புள்ளிகளைக் கணக்கு வைக்க வழியில்லை, ஒரு வேலைக்கு 4 பக்கம்தான். கதை சொல்ல நல்லது, இதற்குப் பற்றாது.

ஸ்க்ராட்ச்சில் படமும் ஒலியும் எல்லாம் அது சேமிக்கும் ஒரே எஸ்பி3 (.sb3) கோப்புக்குள் அடங்குவது பெரிய வசதி. பென் டிரைவில் மூதூருக்குக் கொண்டுபோனாலும் அங்கேயும் ஸ்க்ராட்ச் இருந்தால் அப்படியே ஓடும். எழுத்து அட்டைகளை மட்டும் பிட்மேப்பாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் படமாக, மாற்றிவிட்டுச் சேமியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கணினியின் எழுத்துருவுக்கு ஏற்ப எழுத்தின் வடிவம் மாறி, சதுரத்துக்கு வெளியே தலை நீட்டும்.