மணப்பெண் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கல்யாணத்துக்கு முன்னால் ‘கடைசி நாலு கிலோவை’ குறைத்துத் தருகிறோம் என்று சொல்லும் ஸ்லிம்மிங் சென்டரில் பணம் கட்டப்போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இது என் தங்கைக்கு நடந்தது. மதுரையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற இடம்தான், பெயர் வேண்டாம்.

உள்ளே போனதும் அவர்கள் எடையைக் கேட்கவில்லை. “முகூர்த்தம் என்னைக்கு மேடம்?” என்றார்கள். ஏன் என்று அப்போது புரியவில்லை. 18,000 ரூபாய், முழுசும் முன்பணம். பில் கேட்டதற்கு, “சிஸ்டம் ரிப்பேர், வாட்ஸ்அப்ல அனுப்புறோம்” என்றார்கள். வரவே இல்லை.

முதல் நாள் எடை பார்த்தது மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், ஜீன்ஸோடு. கடைசியாகப் பார்த்தது விடியற்காலை, வெறும் வயிற்றில், சூடான கம்பளியில் சுற்றி வேர்க்க வைத்த கையோடு, அவர்களே கொடுத்த மெல்லிய கவுனில். டேப்பும் அப்படித்தான். முதலில் தொளதொளவென்று பிடித்தார்கள். கடைசியில் “மூச்சை இழுங்க மேடம்” என்று இறுக்கினார்கள். மூன்றரைக் கிலோ குறைந்துவிட்டதாம், கை தட்டி போட்டோ வேறு.

ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். கம்பளிக்குள் படுத்து வேர்த்தால் போவது தண்ணீர்தான், ரெண்டு சொம்பு குடித்தால் திரும்பிவிடும்.

இதற்கு நடுவே பெயர், தயாரிப்பாளர், தேதி எதுவுமே இல்லாத வெள்ளிக் காகிதப் பாக்கெட்டுகள் கொடுத்தார்கள். ‘ஹெர்பல் டிடாக்ஸ்’, ராத்திரி வெந்நீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். அம்மா ஒன்றைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, “நிலவாகைப் பொடி மாதிரி இருக்குடி, பேதிக்குக் குடுக்கிறது” என்றாள். இவள் கேட்கவில்லை. அப்புறம் பாத்ரூமே கதி. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, பார்லரில் மேக்கப் ட்ரையலின்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்து நாற்காலியிலேயே சரிந்தாள். டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, பொட்டாசியம் குறைந்திருக்கிறது என்று டிரிப்ஸ் ஏற்றினார். “சாப்பிட்டதோட கலோரியெல்லாம் சிறுகுடல்லயே ஏறிடும்மா. பேதி மருந்து வேலை செய்யறது பெருங்குடல்ல” என்றார். லேபிள் இல்லாத பாக்கெட்டில் நிலவாகையோடு போனால் அதிர்ஷ்டம். 2011இல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட சிபுட்ரமைன் என்ற மருந்தை இந்த மாதிரிப் பொடிகளில் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து இருப்பதால்தான் அதைத் தடை செய்தார்கள்.

டிரிப்ஸும் ரெண்டு நாள் ஒழுங்கான சாப்பாடும் உள்ளே போனதும் எடை பழையபடி. ஆனால் ஆரி ஒர்க் பிளவுஸை அந்த ‘குறைந்த’ அளவுக்குப் பிடித்துத் தைத்தாயிற்றே! முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி கொக்கி எட்டவில்லை. நல்லவேளை, டெய்லர் அக்கா உள்ளே தாராளமாகத் துணி விட்டிருந்தார். “சென்டருக்குப் போற பொண்ணுன்னு சொன்னப்பவே தெரியும்” என்று சிரித்துக்கொண்டே தையலைப் பிரித்துக் கொடுத்தார்.

கல்யாணம் முடிந்து போய்க் கேட்டால், மேனேஜர் ஒரே போடாகப் போட்டார்: “விருந்துச் சாப்பாடு மேடம், கன்ட்ரோல் பண்ணியிருக்கணும்.” முதல் நாளே முகூர்த்தம் கேட்டது இதற்குத்தான். தேதி நெருங்கும்போது யாருக்கும் சண்டை போட நேரமிருக்காது, முடிந்த பிறகு பழியைப் பந்தி மேல் போட்டுவிடலாம். பணம் திரும்பாதாம், வேண்டுமானால் மீதி சிட்டிங்கை நான் எடுத்துக்கொள்ளலாமாம்!

பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். உடல் பருமனுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதற்கு 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை இருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் வழக்குக் கட்டணமே கிடையாது. மிச்சப் பாக்கெட்டுகள், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள்.

நாங்கள் 1915இல் புகார் கொடுத்த பிறகு சென்டரிலிருந்தே போன் வந்தது. கூகுளில் போட்ட ரிவ்யூவை எடுத்தால் பாதிப் பணம் தருகிறார்களாம். முழுப் பணமும் வரட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டோம். ரிவ்யூ அங்கேயேதான் இருக்கிறது.