ரோடு பைக்குக்கு கம்மி விலை கிளிப்லெஸ் பெடல்: என் ஓட்டு எம்520-க்கு தான்

கிளிப்லெஸ் பெடல்ன்னா, ஷூ அடியில போல்ட் போட்டு மாட்டின கிளீட்ங்கற குட்டித் துண்டைக் கவ்விப் புடிச்சுக்கற பெடல். சிமானோ எம்520 மவுண்டன் பைக்குக்குன்னு வந்த பெடல், அதைப் போய் ரோடு பைக்ல மாட்டியிருக்கியேன்னு எங்க சண்டே கேங்ல ஒருத்தர் இன்னும் கிண்டல் பண்றாரு, பண்ணட்டும். என்கிட்ட ரெண்டு செட்டு இருக்கு, ஒண்ணு இந்த எம்520, இன்னொண்ணு ஆர்550, அது அசல் ரோடு பெடல், மூணு போல்ட் கிளீட். ரெண்டுலயும் நிறைய ஓட்டியாச்சு. இப்ப ஆர்550 வீட்டுக்குள்ள ட்ரெயினர்ல மாட்டியிருக்கற பைக்ல இருக்கு, ரோட்டுக்குப் போறது எம்520 தான். ஏன்னு சொல்றேன், முதல் தடவை கிளிப்லெஸ் வாங்கப் போறவங்களுக்கு உதவும்.

முதல்ல ஒரு சின்ன கதை. ரோடு பெடல்ன்னு இன்னிக்கு நாம சொல்ற மூணு போல்ட் டிசைன் லுக் கம்பெனி 1984-ல கொண்டு வந்தது, அவங்க அதுக்கு முன்னாடி பனிச்சறுக்கு பைண்டிங், அதாவது பூட்ஸை சறுக்குக் கட்டையில புடிச்சு வெக்கற பூட்டு, செஞ்சுட்டு இருந்த ஃப்ரெஞ்சுக்காரங்க. அடுத்த வருஷமே சைக்கிள் ரேஸ் வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோட டூர் டி ஃப்ரான்ஸ் ஜெயிச்சாரு, அதுக்கப்புறம் ரேஸ் உலகமே மாறிடுச்சு. எம்520-ல இருக்கற ரெண்டு போல்ட் டிசைன் பேரு எஸ்பிடி, அது 1990-ல சிமானோ கொண்டு வந்தது, மவுண்டன் பைக்காரங்களுக்காக, அதாவது நடுவுல இறங்கி சேத்துல வண்டியைத் தள்ளிட்டு நடக்கறவங்களுக்காக. அதனால கிளீட் சின்னதா, இரும்புல, ஷூவோட ரப்பர் அடிக்குள்ள புதைஞ்ச மாதிரி இருக்கும்.

இப்ப நம்ம பொழப்பை யோசிங்க. சென்னையில காலங்காத்தால அபார்ட்மெண்ட் டைல்ஸ்ல நடந்து லிஃப்ட்ல இறங்கணும், இசிஆர்ல முட்டுக்காடு தாண்டி டீக்கடையில நிக்கணும், அந்தக் கடை வாசல்ல ஜல்லியும் மணலும் கலந்து கிடக்கும், பெட்ரோல் பங்க் பாத்ரூம் வேற, அதோட தரை எந்த நிலைமையில இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ரேஸ்காரன் வேன்ல இருந்து இறங்கி பைக்ல ஏறுவான், முடிஞ்சதும் வேன்ல ஏறுவான். நாம பாதி நேரம் நடந்துட்டு இருக்கோம். நம்ம தேவை மவுண்டன் பைக்காரன் தேவை தான், பைக் மட்டும் தான் ரோடு பைக்.

மூணு போல்ட் கிளீட் போட்டு டைல்ஸ்ல நடந்தவங்களுக்குத் தெரியும், குதிகால் கீழ, முன்பாதம் தூக்கிட்டு, வாத்து மாதிரி. வழுக்கும், அதை விட முக்கியம், தேயும். சிமானோ மஞ்சள் கிளீட்ல மூலையில மஞ்சள் பேட் இருக்கும், நடக்க நடக்க அது தேய்ஞ்சு உள்ள கறுப்பு எட்டிப் பாக்கும், பாத்துச்சுன்னா மாத்தற நேரம் வந்தாச்சு. ஜல்லியில நடந்தா அந்த நேரம் சீக்கிரமே வரும். பெடல் ஆஃபர்ல சல்லிசா கிடைச்சுதுன்னு வாங்கிட்டு அப்புறம் கிளீட்டுக்கே திரும்பத் திரும்ப அழுதுட்டு இருந்தா, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதை தான். எம்520 கூட டப்பாவுல வந்த எஸ்எச்51 கிளீட் இரும்பு, எனக்கு இன்னும் அதே தான் ஓடுது, விளிம்பு பளபளன்னு ஆயிருக்கு அவ்வளவு தான்.

எடை எடைன்னு ஒரு கூட்டம் இருக்கு. எம்520 ஜோடி 380 கிராம், ஆர்550 ஜோடி 310 கிராம். 70 கிராம் வித்தியாசம். பாட்டில்ல ரெண்டு மடக்கு தண்ணி குடிச்சா தீந்து போற எடைக்கு இவ்வளவு விவாதமா. மலை ஏறி டைம் அடிக்கறவங்க பேசட்டும், இசிஆர்ல மலை எங்க இருக்கு, பாலம் தான் இருக்கு.

எம்520-ல எனக்குப் பிடிச்ச இன்னொரு விஷயம் ரெண்டு பக்கமும் மாட்டலாம். சிக்னல் பச்சை விழுந்ததும் பின்னாடி பஸ் ஹாரன் அடிக்கும், அந்த நேரத்துல கீழ குனிஞ்சு பெடல் எந்தப் பக்கம் இருக்குன்னு தேடறது ஆகாத காரியம். இதுல கால் வெச்சு அழுத்தினா டக்குன்னு ஒரு சத்தம், முடிஞ்சுது. ரோடு பெடல் ஒரு பக்கம் தான், பின்பக்கம் வெயிட்டா இருக்கறதால மூக்கு மேல பாத்து நிக்கும், பழகினா ஷூ நுனியால தடவி மாட்டிடலாம், ஆனா பழகற வரைக்கும் சிட்டி ட்ராஃபிக்ல டென்ஷன் தான்.

குறை இல்லாமலா. ஷூ அடி மெத்துன்னு இருந்தா ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல போகும்போது பாதத்துல ஒரே இடத்துல எரிச்சல் வரும், ஏன்னா அழுத்தம் எல்லாம் அந்தக் குட்டி கிளீட் மேல. மூணு போல்ட்ல அகலமான தளம், அந்த விஷயத்துல ஆர்550 நிஜமாவே சுகம், வெளியூர் லாங் ரைடு மட்டுமே போறவங்க அதையே வாங்கலாம், நான் சண்டை போட மாட்டேன். எம்520 வாங்கறதா இருந்தா பெடல்ல மிச்சம் புடிச்ச காசை ஷூல போடுங்க, கையால வளைச்சுப் பாருங்க, சுலபமா மடங்குச்சுன்னா வேண்டாம். அடியில எத்தனை ஓட்டைன்னும் பாத்துக்கோங்க, சில ஷூல ரெண்டு வகைக்குமே ஓட்டை இருக்கும், ஆனா வழவழப்பான ரோடு ஷூ அடியில எஸ்பிடி கிளீட்டை மாட்டினா அது துருத்திட்டு நிக்கும், நடக்கற வசதியே போயிடும்.

ஆன்லைன்ல பாதி விலைக்கு வர்ற பேர் தெரியாத பெடல் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. அப்படி ஒண்ணு கொஞ்ச நாள் வெச்சிருந்தேன், பிராண்டு பேர் வேண்டாம். முதல் மழையில நனைஞ்சதும் ஒவ்வொரு சுத்துக்கும் கீச் கீச்சுன்னு சத்தம், அச்சைப் புடிச்சு ஆட்டினா ஆடுது. அதை விட பெரிய தலைவலி கிளீட். பாக்க எல்லா மூணு போல்ட் கிளீட்டும் ஒண்ணு போலவே இருக்கும், ஆனா லுக் கியோ வேற, பழைய லுக் டெல்டா வேற, ஆர்550-ல வர்ற சிமானோ எஸ்பிடி-எஸ்எல் வேற, ஒண்ணு இன்னொண்ணுல மாட்டாது. கடையில "எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்"ன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க, டப்பாவைப் படிங்க. கலரும் ஏமாத்தும். பெடல்ல மாட்டினப்புறம் குதிகால் பக்கவாட்டுல எவ்வளவு அசையும்ங்கறதைத் தான் கலர் சொல்லுது. சிமானோவுல சிவப்புன்னா கால் அசையவே அசையாது, நீலம் 2 டிகிரி, மஞ்சள் 6 டிகிரி. லுக் கியோவுல அப்படியே தலைகீழ், சிவப்பு தான் அதிகம் அசையறது, 9 டிகிரி, சாம்பல் 4.5, கறுப்பு தான் அசையாதது. முட்டி வலி இருக்கறவங்க சிமானோவுல சிவப்பு பக்கமே போகாதீங்க.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு பயம் ஒண்ணே ஒண்ணு தான், கால் கழட்ட வராம சிக்னல்ல அப்படியே சாஞ்சிடுவோமோன்னு. எம்520-ல பிடியோட இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க டென்ஷன் ஸ்க்ரூ இருக்கு, சின்ன ஆலன் கீ போதும், நாலு ஸ்க்ரூவையும் லூஸ் பக்கம் கடைசி வரைக்கும் வெச்சுட்டு ஆரம்பிங்க. அதுவும் தைரியம் வரலைன்னா எஸ்எச்56 கிளீட் தனியா வாங்கிக்கலாம், டப்பாவுல வர்ற 51 குதிகாலைப் பக்கவாட்டுல திருப்பினா தான் விடும், 56 மேல் வாக்குல வெடுக்குன்னு இழுத்தாலும் விட்டுடும். நாய் துரத்தும்போது எழுந்து நின்னு மிதிச்சா 56 தானா கழண்டுக்கும்னு ஒரு நண்பர் புலம்புவாரு, அதுக்கு 51 தான் சரி. நம்ம ஊர்ல இடது ஓரமா போறோம்ங்கறதால சிக்னல் தூரத்துல தெரியும்போதே இடது காலைக் கழட்டிப் பழகிக்கோங்க, சாஞ்சாலும் லாரி பக்கம் சாய வேண்டாம்.

ஒரே பைக்ல ஆபீஸும் போகணும், செருப்போட பால் வாங்கவும் போகணும்னா இஎச்500 பாருங்க, ஒரு பக்கம் எஸ்பிடி, மறுபக்கம் பட்டையான தளம். ரெண்டு பக்கமும் மாட்டற வசதி போயிடும், எனக்கு அது ஒத்து வரலை, ஆனா வீட்ல நாலு பேர் ஒரே வண்டியை எடுக்கறவங்களுக்கு அதை விட்டா வழி இல்ல.

மாட்டறப்போ கவனம்: இடது பெடல் மரை தலைகீழ், வழக்கமான திசையில முறுக்கினா இறுகாது, கழண்டு தான் வரும். ஸ்பானரை க்ராங்குக்கு (பெடல் மாட்டற கைக்கு) மேல நிக்க வெச்சு பைக்கோட முன்பக்கமா தள்ளினா ரெண்டு பக்கமும் இறுகும், பின்பக்கமா இழுத்தா கழலும். மரையில கொஞ்சம் கிரீஸ் தடவிட்டு முதல்ல கையாலயே சுத்தி உள்ள விடுங்க, கையால போகலைன்னா மரை கோணலா ஏறுதுன்னு அர்த்தம், அப்படியே ஸ்பானர் போட்டு அமுக்கினா அலுமினிய க்ராங்க் காலி, அதோட விலைக்கு முன்னாடி இந்தப் பெடல் விலை ஒண்ணுமே இல்ல.