அனுமதித்த இணைப்பும் பதிவாக வேண்டும்: டிசிபி ராப்பர்ஸ் நீண்டகாலப் பயன்பாடு

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பக்கம் கல்லூரி லேபிலும் சின்ன ஆபீஸ்களிலும் இருக்கும் டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) சர்வர்களுக்கு, வரும் இணைப்பை முகவரி பார்த்து அனுமதிக்கும் அல்லது தடுக்கும் டிசிபி ராப்பர்ஸ் இன்றும் போதுமான காவல். 1990-இல் வீட்சே வெனிமா ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் இதை எழுதியதே, உள்ளே வருவது யார் என்று பதிவு செய்யத்தான். தடுக்கும் வேலை பிறகு சேர்ந்தது. இன்று பலரும் தடுப்பை மட்டும் வைத்துக்கொண்டு பதிவை விட்டுவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. தடுக்கப்பட்டவன் எதையும் தொடவில்லை. ஏதாவது கெட்டுப்போனால் தேட வேண்டியது உள்ளே விடப்பட்டவனைத்தானே.

இணைப்பு வந்ததும் சேவையை எழுப்பும் இனெட்டிடி வழியாக, ராப்பர்ஸின் டிசிபிடி நிரல் தொடங்கும் சேவைகளுக்குக் கவலையில்லை. அனுமதித்ததும் சிஸ்லாகில் (சிஸ்டத்தின் பொதுப் பதிவேடு) ஒரு வரி விழும். யுடிபி சேவை (இணைப்பு ஏற்படுத்தாமல் தகவல் அனுப்பும் வகை) மட்டும் விலக்கு: டீமன் (பின்னணியில் ஓடும் சேவை நிரல்) விழித்திருக்கும்வரை முதல் கோரிக்கைதான் பதிவாகும்.

டெபியனின் எஸ்எஸ்ஹெச்டி (தொலைவிலிருந்து லாகின் செய்ய விடும் சேவை) போல ராப்பர்ஸ் நூலகத்தை நேரடியாக இணைத்த டீமனில்தான் ஓட்டை. மறுத்தால் பதிவு வரும்; அனுமதித்தால் ராப்பர் ஒன்றும் எழுதாது. அதற்கு, அனுமதி விதிகள் இருக்கும் ஹோஸ்ட்ஸ்.அலோ கோப்பில் அந்த விதியோடு ‘ஸ்பான்’ (ஒரு கட்டளையை ஓட்டச் சொல்வது) சேர்த்து, சிஸ்லாகில் எழுதும் லாகர் கட்டளைக்கு டீமன் பெயர், முகவரி, பிராசஸ் எண் மூன்றையும் (%டி, %ஏ, %பி) கொடுக்க வேண்டும். பிராசஸ் எண்ணை விடக் கூடாது. செல்போன் நெட்டில் ஒரே முகவரியில் பல பேர் வருவார்கள்; அந்த எண்ணை வைத்துத்தான் எஸ்எஸ்ஹெச்டியின் ‘அக்செப்டட்’ (லாகின் வெற்றி) வரியைப் பிடித்து, பயனர் பெயரும் போர்ட்டும் எடுக்க முடியும்.

பதிவு வரவில்லையென்றால் முதலில் விதி வரிசையைப் பாருங்கள். முதலில் பொருந்தும் விதியோடு தேடல் நின்றுவிடும். லேப் முழுவதையும் அனுமதிக்கும் பொது விதி மேலே இருந்தால் கீழுள்ள ஸ்பான் ஓடவே ஓடாது. டிசிபிடிமேட்ச் கட்டளையில் டீமன் பெயரும் முகவரியும் கொடுத்தால் எந்த வரி பொருந்துகிறது என்று காட்டும். கடைசி வரிக்குப் பின் என்டர் தட்டாவிட்டால் அந்த வரி செல்லாது. கட்டளைக்குள் முக்காற்புள்ளி வந்தால் முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். %யு சேர்த்தால் மறுமுனையிடம் பயனர் பெயர் கேட்டு, பதில் வராதபோது 10 விநாடி வரை இழுக்கும். எங்கள் பரிந்துரை, தொடாதீர்கள். நல்ல விஷயம், கோப்பை மாற்றினால் ரீஸ்டார்ட் தேவையில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்டு போய் வந்தால் பழைய மெஷினில் கடிகாரம் பின்னால் போய்விடும். பதிவின் நேரமும் கெடும். நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனியை என்ஐசியின் (மத்திய அரசின் தகவலியல் மையம்) நேர சர்வரோடு இணைத்துவிடுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவும் அதையே கேட்கிறது. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. பழைய பதிவுகளைச் சுழற்றி வைக்கும் லாக்ரொடேட்டில் தினசரி, 180 சுற்று, கம்ப்ரெஸ் என்று போட்டால் போதும்.

ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல் இந்த நூலகமே கிடையாது. எஸ்எஸ்ஹெச்டியைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் மூலப் பதிப்பும் 2014-இல், 6.7-இல், ஆதரவை நீக்கிவிட்டது. அந்த மெஷின்களில் லினக்ஸின் ஃபயர்வாலான என்எப்டேபிள்ஸில் புதிய இணைப்புக்கு மட்டும் லாக் விதி எழுதி, ‘அக்செப்ட்’டுக்கு முன்னால் வையுங்கள்.