மாரடைப்புக்குப் பிறகு எக்கோ போதுமா, எம்.ஆர்.ஐ. வேண்டுமா?

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து முடித்ததும் குடும்பத்தார் முதலில் கேட்பது, "ஹார்ட் பம்பிங் எவ்வளவு இருக்கு?" என்றுதான். ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ அந்த எண்ணைச் சொல்லிவிடும். ஆனால் இதயச் சுவரில் ஓரிடம் அசையாமல் கிடந்தால், அந்தத் தசை செத்துவிட்டதா, அடி வாங்கி மயங்கிக் கிடக்கிறதா? மயங்கிய தசை சில வாரங்களில் தேறிவிடும், செத்தது திரும்பாது. சாதாரண எக்கோவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதற்காக எக்கோவை ஒதுக்க முடியாது. முதல் சில நாட்களில் அதற்கு ஈடே இல்லை. இதயச் சுவர் கிழிந்திருக்கிறதா, வால்வு கசிகிறதா, இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று படுக்கையருகிலேயே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். ரத்த அழுத்தம் தள்ளாடும் ஒருவரை எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அனுப்புவது ஆபத்து. எக்கோவின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. விலா எலும்பும் நுரையீரலும் ஒலி அலையை மறைக்கும். இடது கீழறையின் நுனி சரியாகத் தெரியாமல் போகும். ரத்தக்கட்டி ஒளிந்திருக்கும் இடமும் பெரும்பாலும் அந்த நுனிதான். எக்கோ தவறவிடும் கட்டிகளை எம்.ஆர்.ஐ. பல நேரங்களில் பிடித்துவிடுகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தொடங்கலாமா என்பது அதைப் பொறுத்தது.

எம்.ஆர்.ஐ.யின் உண்மையான பலம் காடோலினியம் என்ற சாய மருந்தில் இருக்கிறது. அது உயிருள்ள தசைச் செல்லுக்குள் நுழையாது. செல் உடைந்த இடத்திலும் தழும்பு விழுந்த இடத்திலும் தேங்கி நிற்கும். ஊசி போட்டுப் பத்து, இருபது நிமிடம் கழித்துப் படம் எடுத்தால் நல்ல தசை கறுப்பாகவும் இறந்த பகுதி வெள்ளையாகவும் தெரியும். மாரடைப்பின் வெள்ளை சுவரின் உட்புறத்தில் தொடங்கி வெளியே பரவும். அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான் முக்கியம். 2000-இல் அமெரிக்க இதய மருத்துவர் ரேமண்ட் கிம் குழுவினர், அடைப்பைச் சரிசெய்யப் போகும் 50 நோயாளிகளை இப்படிப் பார்த்தார்கள். சரியாக அசையாத இடங்களில், வெள்ளையே இல்லாத 329 பகுதிகளில் 256 பிறகு தேறின. சுவரின் முக்கால் பங்குக்கு மேல் வெள்ளையான 58 பகுதிகளில் தேறியது ஒன்றே ஒன்று. சில படங்களில் வெள்ளைக்கு நடுவே ஒரு கறுப்புத் தீவும் இருக்கும். பெரிய குழாய் திறந்த பிறகும் நுண்குழாய்களில் ரத்தம் ஓடாத இடம் அது. எனக்கு மிகவும் கவலை தரும் அடையாளம் அதுதான்.

கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றிப் படமெடுக்கும் அணு ஸ்கேன்களும் உயிருள்ள தசையைக் காட்டும். தாலியம், டெக்னீஷியம் ஸ்கேன்களில் படத்தின் துல்லியம் குறைவு என்பதால் உட்சுவரில் மட்டும் விழுந்த மெல்லிய தழும்பு தப்பிவிடும். பெட் ஸ்கேன் தசை சர்க்கரையை எடுக்கிறதா என்று பார்ப்பதால் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் தரும். இரண்டிலும் கதிர்வீச்சு உண்டு, எம்.ஆர்.ஐ.யில் இல்லை.

சரி, எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் ஒத்துவருமா? முக்கால் மணி நேரம் போல அந்தக் குழாய்க்குள் படுத்து, "மூச்சைப் பிடிங்க" என்று குரல் வரும்போதெல்லாம் பத்துப் பதினைந்து நொடி அடக்க வேண்டும். மூச்சுத் திணறுபவருக்கு அது பெரும் பாடு. இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் படம் குழம்பும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குச் சாய மருந்தில் எச்சரிக்கை தேவை. பேஸ்மேக்கர் இருந்தால் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். புதிதாக வைத்த ஸ்டென்ட் பொதுவாகத் தடையில்லை. அப்புறம், முதல் வாரத்தில் வீக்கம் இருப்பதால் தழும்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். மாதங்கள் போகப் போகச் சுருங்கும்.

என் கருத்தில், எக்கோ எல்லோருக்கும் வேண்டும். பம்பிங் நன்றாக இருந்து படமும் தெளிவாக இருந்தால் அதோடு நிறுத்தலாம். பம்பிங் மிகவும் குறைந்து, மீதி அடைப்புகளுக்கு பைபாஸ் செய்வதா என்று யோசிக்கும்போது எம்.ஆர்.ஐ. கேளுங்கள். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் ஏறியிருந்தும் ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு இல்லை என்றால் தயங்கவே வேண்டாம். வெள்ளை உட்சுவரில் இருந்தால் மாரடைப்பு. உட்சுவரை விட்டு நடுவிலோ வெளிப்புறமோ இருந்தால் பெரும்பாலும் தசை அழற்சி. இரண்டுக்கும் சிகிச்சை வேறு.