ஈசூன்ல வீடு பாத்துக் குடுத்த ஏஜென்ட் அக்கா, எங்க அனுபவம்

சிங்கப்பூர்ல வாடகைக்கு வீடு தேடுறவங்களுக்கு உதவும்னுதான் இத எழுதுறேன், ஏன்னா இந்த ஏஜென்ட் அக்காவ பாக்குறதுக்கு முன்னாடி நாங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல. மொதல்ல செங்காங்ல நாங்க இருந்த வீவக (அரசாங்க வீட்டு வசதிக் கழகம்) வீட்ல ஓனர் ஒரு ரூம பூட்டி வச்சிட்டு "யாராவது கேட்டா நானும் இங்கதான் இருக்கேன்னு சொல்லிடுங்க"ன்னு சாவியக் குடுத்துட்டுப் போயிட்டாரு. முழு வீட்டையும் விடணும்னா ஓனர் அஞ்சு வருஷமாவது அதுல குடியிருந்திருக்கணும், ஓனர் பிஆரா (நிரந்தரவாசி) இருந்தா முழுசா விடவே முடியாது, ரூம் மட்டும் விட்டா அவரும் அதே வீட்லதான் இருக்கணும், இதெல்லாம் அப்ப எங்களுக்கு யாரும் சொல்லல. ஒருநாள் காலைல சோதனைக்கு ஆள் வந்து நிக்கிறாங்க, மனைவி கைக்குழந்தையோட என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம எனக்கு போன் பண்ணி அழுதா. ரெண்டு வாரத்துல காலி பண்ணோம், டெபாசிட்ல பாதிதான் கைக்கு வந்துச்சு.

இந்த அக்காகிட்ட போனப்ப மொதல் வார்த்தையே "தம்பி, என் நம்பர சிஇஏ பக்கத்துல போட்டுப் பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்"னு சொன்னாங்க. சிஇஏங்கிறது வீட்டு ஏஜென்ட்டுங்கள பதிவு பண்ற அரசாங்க அமைப்பு. அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. நாங்க இந்தியாலேர்ந்து வந்தவங்க, அதனால முழு வீடு எடுக்க, குடியுரிமை இல்லாதவங்க இருக்குற வீடு அந்த வட்டாரத்துல 8 சதவீதம், பிளாக்குல 11 சதவீதம் தாண்டக் கூடாதுன்னு ஒரு கோட்டா இருக்கு (மலேசியாக்காரங்களுக்கு அது கெடையாது), அதுல எடம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் வீட்டையே காட்டுனாங்க.

வீடு பாக்கப் போனப்ப நான் கிச்சன பாத்துட்டு இருந்தேன், அவங்க நேரா ஜன்னலுக்குப் போயி கதவ வெளிய தள்ளி கீல்ல இருக்குற ரிவெட்ட (இறுக்கிப் பிடிக்கிற ஆணி) ஒண்ணொண்ணா விரலால தடவிப் பாத்தாங்க. அலுமினிய ரிவெட் நாளாக நாளாகத் தேஞ்சு ஜன்னலே கீழ விழுந்துடும், அதனால 2004லயே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாத்தச் சொல்லிட்டாங்களாம். ரூம்ல ஒரு ஜன்னல்ல ரெண்டு ரிவெட் பழசு. சாவி வாங்குறதுக்கு முன்னாடி ஓனர மாத்த வச்சாங்க. பதினோராவது மாடி, கீழ புள்ளைங்க வெளையாடுற எடம், அத நெனச்சா இப்பவும் நெஞ்சு பதறுது.

ஓனரம்மா எங்க பாஸ (இங்க தங்குறதுக்கான அனுமதி அட்டை) கையில வாங்கி மொகத்தையும் படத்தையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க, மனிதவள அமைச்சு தளத்துல சரிபாத்தாங்க, என் ஆபீஸுக்கும் போன் போட்டாங்க. மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஆனா விசா முடிஞ்ச ஆளுக்குத் தெரியாம எடம் குடுத்துட்டா அவங்களுக்கு ஜெயில் வரைக்கும் போகும்னு அக்கா சொன்னப்புறம் புரிஞ்சுது.

காசு விஷயத்துல ரொம்ப சுத்தம். வீவக வாடகைப் பணத்த ஏஜென்ட் கைல வாங்கவே கூடாது, டெபாசிட் நேரா ஓனர் அக்கவுண்ட்டுக்குத்தான் போச்சு. வாடகை மாசம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரெண்டு வருஷத்துக்கு 72,000, அதுல 0.4 சதவீதம்னு ஸ்டாம்ப் டூட்டி 288 வெள்ளி, கையெழுத்து போட்ட 14 நாளுக்குள்ள கட்டணும்னு ஒக்காந்து கணக்கு போட்டுக் காட்டுனாங்க. பழைய டெபாசிட் பத்தி சொன்னதுக்கு, ரெண்டு வருஷத்துக்கு மேல போகாத குடியிருப்பு ஒப்பந்தம்னா ஸ்மால் க்ளெய்ம்ஸ்ல (சின்னத் தொகை வழக்குகளப் பாக்குற தீர்ப்பாயம்) 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேணாம், ரெண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போடுங்கன்னாங்க. போட்டுட்டேன்.

கொற இல்லாம இல்ல. சனி ஞாயிறுல மெசேஜுக்கு பதில் வர சாயங்காலம் ஆயிடும். அப்புறம் புகை அலாரம். 2018 ஜூன் 1லேர்ந்து புது வீடுகளுக்கும், தீப்பாதுகாப்பு சம்பந்தமான வேலை செய்ற பழைய வீடுகளுக்கும்தான் அது கட்டாயம், எங்களுது பழைய பிளாக்கு, அதனால "தேவையில்ல தம்பி"ன்னு விட்டுட்டாங்க. கைக்குழந்த தூங்குற வீடு, எனக்கு மனசு கேக்கல, மூணு தடவ கேட்டேன். கடைசில அவங்களே ஓனரம்மாகிட்ட பேசி சம்மதம் வாங்குனாங்க, போன வாரம் ஹால் கூரைல மாட்டியாச்சு. அஞ்சுக்கு நாலு ஸ்டார்.