சென்னை–பலாலி விமானம்: கைக்கடிகாரத்தில் 58 நிமிடம்

இலங்கையில், யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் சுன்னாகத்தில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்விடுவேன். போன வருஷம் வரை கொழும்பு வழிதான். எனக்கு டிக்கெட் போட்டுத் தந்தவர் வேறு வழி இருப்பதாகச் சொன்னதே இல்லை. அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

அந்த வழியின் கணக்கைப் பாருங்கள். சென்னையிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு ஏறக்குறைய 650 கிலோமீட்டர் பறக்க வேண்டும். அப்புறம் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு 400 கிலோமீட்டர். அதாவது ஊரைத் தாண்டித் தெற்கே போய் இறங்கி, விடிய விடிய வடக்கே திரும்பி வருவது. கிளிநொச்சி தாண்டும்போதுதான் கண் அயரும். கால் வீங்கிப் போய் இறங்கினால் அன்றைய பகல் தூக்கத்திலேயே போய்விடும். ஐந்து நாள் லீவில் இரண்டு நாள் இப்படியே கரையும்.

இந்த முறை யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேரே போனேன். 2024 செப்டம்பரில் இண்டிகோ தொடங்கிய சேவை. நேர்கோட்டில் தூரம் சுமார் 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குப் பறக்கும் தூரத்தைவிடக் குறைவு! டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருந்தது. விமானம் ஓடுபாதைக்கு நகர்வது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் சேர்த்தி. சக்கரம் தரையை விட்டதிலிருந்து பலாலியில் தொட்டது வரை என் கைக்கடிகாரத்தில் 58 நிமிடம்.

விமானம் ஏடிஆர் 72, காற்றாடி வைத்தது. சின்ன விமானம் என்று பயப்பட வேண்டாம். வரிசைக்கு இரண்டும் இரண்டுமாக நாலு சீட்டுதான், நடுவில் மாட்டிக்கொள்ளும் சங்கடம் இல்லை. பின்பக்கமாக இடம் கேட்டு வாங்குங்கள். காற்றாடிச் சத்தம் முன்னால்தான் அதிகம், ஏறி இறங்கும் கதவும் பின்னால்தான் இருக்கிறது. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க எதுவும் மறைக்காது. போகும்போது வலது பக்கம் உட்காருங்கள். கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் பழுப்பாகக் கலங்கிக் கிடந்தது. பிறகு கோடிக்கரை முனை, அதோடு நம் கரை முடிந்து பாக்கு நீரிணை. தண்ணீர் குடித்துப் பாட்டிலை மூடுவதற்குள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். முதலில் மீன்பிடிப் படகுகள், பிறகு பனைமரத் தலைகள், அப்புறம் அந்தச் செம்மண். என்னால் பேச முடியவில்லை.

பலாலி நிலையம் சிறியது. படியில் இறங்கி, வெயிலில் நடந்தே உள்ளே போகிறோம். எனக்கு அது பிடித்தது, காலடியில் ஊர் மண்ணின் சூடு தெரிகிறது. இந்த வழி புதிதும் அல்ல. 1947 டிசம்பரில் இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் விமானமே, கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை வழியாகத்தான் மெட்ராஸுக்குப் போனது. இடையில் எத்தனை வருஷம் இது இல்லாமல் போனது என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

திரும்பும்போது புழுக்கொடியலும் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) பருத்தித்துறை வடையும் கட்டுவீர்கள், பெட்டியின் எடையை மட்டும் வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள்.

வளசரவாக்கம் வீட்டில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பியவள், வெளிச்சம் இருக்கும்போதே சுன்னாகத்தில் படலையைத் திறந்தேன். பெரியம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அதுக்குள்ள வந்திட்டியே பிள்ளை? நான் இன்னும் உலை வைக்கேல்லையே!”