இதய நோயாளிக்கு எந்த அலர்ஜி மருந்து?

தும்மல், மூக்கு ஒழுகுதல், தோலில் தடிப்பு என்று வரும் இதய நோயாளிக்கு மருந்து எழுதும்போது, எது விரைவாகக் கேட்கும் என்பதைவிட, அவர் ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மாத்திரைகளோடு எது மோதாது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இன்று பெரும்பாலும் போட்டி ஃபெக்ஸோஃபெனாடினுக்கும் லெவோசெட்ரிசினுக்கும்தான்.

ஃபெக்ஸோஃபெனாடினின் நற்பெயருக்குப் பின்னால் கசப்பான வரலாறு ஒன்று உண்டு. 1985-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெர்ஃபெனாடின், தூக்கம் வரவழைக்காத மாத்திரை என்று பெரும் வரவேற்பைப் பெற்றது. உட்கொண்டதும் அது கல்லீரலில் வேறொரு பொருளாக மாறிவிடும். ஆனால் எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோ கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தோ உடன் சேர்ந்தபோது அந்த மாற்றம் தடைபட்டு, மாறாத டெர்ஃபெனாடின் இரத்தத்தில் பெருகி, இதயத் தசையின் பொட்டாசியம் வழிகளை அடைத்து, இ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியை (ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீள எடுக்கும் நேரத்தை) நீட்டி, சிலருக்கு உயிரைப் பறிக்கும் துடிப்புக் கோளாறில் கொண்டுபோய் விட்டது. 1990-களின் இறுதியில் அது அமெரிக்கச் சந்தையிலிருந்து நீங்கியது. கல்லீரலில் உருவான அந்த வேறொரு பொருள்தான் ஃபெக்ஸோஃபெனாடின்; அலர்ஜியை அடக்கும் ஆற்றல் அதற்கு உண்டு, தாய்மருந்தின் இதயக் கெடுதல் இல்லை. எனவே க்யூ.டி.யை நீட்டக்கூடிய துடிப்பு மருந்துகளான அமியோடரோன், சோடலால் எடுப்பவருக்கும், சிறுநீர் பெருக்கியான ஃப்ரூசமைடால் பொட்டாசியம் குறைந்து அதே ஆபத்தில் இருப்பவருக்கும் இதையே முதலில் எழுதலாம். பழச்சாற்றோடும், அலுமினியம், மெக்னீசியம் கலந்த அமில நீக்கிகளோடும் சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் சரியாகச் சேராது என்பதால், தண்ணீரோடு மட்டும் சாப்பிடச் சொல்ல வேண்டும்.

செட்ரிசின், லெவோசெட்ரிசின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஹைட்ராக்சிசின் என்ற பழைய அலர்ஜி மருந்து உடலில் மாறிக் கிடைக்கும் பொருள்தான் செட்ரிசின்; அதன் செயல்படும் பாதியே லெவோசெட்ரிசின். அரிப்புக்கு இன்றும் தாராளமாக எழுதப்படும் அந்த ஹைட்ராக்சிசின் க்யூ.டி. இடைவெளியை நீட்டக்கூடியது என்பதால், 2015-இல் ஐரோப்பிய மருந்து முகமை பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 100 மி.கி. என்ற வரம்பை விதித்ததோடு, முதியோருக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை என்றும், தவிர்க்க முடியாதபோது 50 மி.கி.யைத் தாண்டக்கூடாது என்றும் அறிவித்தது. வழக்கமான அளவில் லெவோசெட்ரிசினால் அந்தத் தொல்லை இல்லை. தடிப்புக்கும் நன்றாகக் கேட்கிறது. ஆனால் அது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. இதயச் செயலிழப்பு உள்ள பலருக்குச் சிறுநீரகமும் தளர்ந்திருக்கும் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் இரவுக்கு 5 மி.கி. என்று எழுதிவிடுவது சரியல்ல. தேவைக்கேற்ப அளவைக் குறைக்கவோ இடைவெளியைக் கூட்டவோ வேண்டும்.

அவில் (பெனிரமின்), குளோர்பெனிரமின் போன்ற பழைய அலர்ஜி மருந்துகள் முதியவருக்குத் தள்ளாட்டத்தையும் சிறுநீர்த் தேக்கத்தையும் தருவதோடு, நாடித்துடிப்பையும் கூட்டக்கூடியவை. மாற்று இருக்கும்போது அவற்றுக்கு அவசியமில்லை.

உண்மையில் அதிகம் அஞ்ச வேண்டியது மருந்துக்கடையில் ‘சளி மாத்திரை’ என்று கேட்டு வாங்கும் கூட்டு மாத்திரைக்குத்தான். அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பாரசிட்டமால், குளோர்பெனிரமினோடு ஃபினைலெஃப்ரினும் இருக்கும். சில நாடுகளில் அதனிடத்தில் சூடோஎஃபெட்ரின். இரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கடைப்பை நீக்கவென்று சேர்க்கப்படும் இவை, இரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியவை. கட்டுக்கடங்காத அழுத்தமோ நெஞ்சுவலியோ உள்ளவருக்கு இவற்றை எழுதக்கூடாது. தொல்லை மூக்கோடு நின்றுவிடுமானால், மூக்கில் அடிக்கும் ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எல்லா மாத்திரைகளையும்விட மேலானது; இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது. முழுப் பலன் தெரியச் சில நாட்களாகும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

உதடும் நாக்கும் வீங்கி, அரிப்போ தடிப்போ இல்லாமல் வருபவரிடம் ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டாக வேண்டும். அந்த வீக்கம், இந்த மாத்திரைகளால் பிராடிகைனின் என்ற உடல் வேதிப்பொருள் தேங்குவதால் வருவது. அலர்ஜியைத் தூண்டும் ஹிஸ்டமினைத் தடுக்கும் எந்த மாத்திரைக்கும் கேட்காது. மூச்சுப்பாதை அடைபடக்கூடும் என்பதால் அவரை உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்பி, அந்த மருந்தையே நிறுத்தி, வேறு வகை இரத்த அழுத்த மாத்திரைக்கு மாற்றுவதே வழி.